பாத்திரத்தின் அடியில் யார் சாட்சி: பழைய வெள்ளிமுலாம் கலங்களும் அவற்றின் முத்திரைகளும்

விக்டோரியா காலத்து மூடியுள்ள பரிமாறு தட்டம் ஒன்றைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால், ஒரே வரிசையில் நான்கு சிறிய கேடயங்கள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கையில் அவை வெள்ளிப் பாத்திரத்தின் ஹால்மார்க் போலவே தோன்றும். ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டகத்துக்குள் அமைந்து, சரியான இடைவெளியோடு, தேய்ந்தும் தேயாமலும் இருக்கும். கண்ணருகே கொண்டுவந்தால்தான் கேடயங்களுக்குள் இருப்பவை பழைய கோதிக் வடிவிலான இ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகள் என்பது புலப்படும். நிக்கல் வெள்ளியின்மேல் மின்முலாம் பூசப்பட்டது என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. பாத்திரம் வெள்ளியால் ஆனதல்ல என்ற உண்மையை, வெள்ளிக்குரிய உடையை உடுத்திக்கொண்டு அந்த முத்திரை சொல்கிறது. முலாம் பூசிய பழங்கலங்களைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே எந்த முத்திரையையும் அட்டவணையோடு ஒப்பிடும் முன், அது யாருடைய வாக்கு என்று கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹால்மார்க் என்பது செய்தவரின் வாக்கன்று. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டின் சட்டம் வெள்ளியின் மாற்றை, அதாவது தூய்மையின் அளவை, சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்று விதித்தது. 1478இல் ஆண்டெழுத்தும், 1544இல் நடக்கும் சிங்கமும் அதனோடு சேர்ந்தன. பொருளைச் செய்தவர் ஒருவர், அதன் மாற்றை உரைத்துப் பார்த்து முத்திரை இடுபவர் வேறொருவர் என்ற பிரிவினைதான் அந்த முறைக்கு உயிர். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருக்கிறது என்று சிங்கம் சொன்னால், அது விற்பவருக்கு அப்பாற்பட்ட ஓர் அலுவலகத்தின் பொறுப்பு. முலாம் பூசிய கலத்துக்கு இப்படியொரு மூன்றாம் ஆள் கிடையாது. அதன்மேல் இருக்கும் வெள்ளியை எவரும் சோதித்து உறுதி கூறவில்லை. அதன் அடியில் இருப்பவை அனைத்தும் செய்தவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டவை. அவற்றில் சில நேர்மையானவை, சில விளம்பரம், சில சட்டத்தின் நெருக்கடியில் சொல்லப்பட்டவை. இம்மூன்றையும் பிரித்தறிவதற்குக் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் உலோக அறிவும் வேண்டும்.

வரலாறு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரைச் சேர்ந்த கத்தித் தொழிலாளியான தாமஸ் பவுல்சோவரிடம் தொடங்குகிறது. 1740களின் தொடக்கத்தில், பொதுவாக 1743 என்று குறிக்கப்படும் ஆண்டில், செம்பையும் வெள்ளியையும் சூட்டினாலேயே ஒன்றாக இணைக்க முடியும் என்பதை அவர் கண்டறிந்தார். கத்திப்பிடி ஒன்றைப் பழுதுபார்க்கையில் சூடு மிகுந்து இரண்டும் ஒட்டிக்கொண்டதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது எப்படியிருந்தாலும், நிகழ்ந்ததன் காரணம் இன்று தெளிவாகத் தெரிந்ததே. வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸும், செம்பு உருக 1085 டிகிரியும் வேண்டும். ஆனால் அவ்விரண்டும் தொடும் முகத்தில், குறிப்பிட்ட விகிதத்தில் கலந்த கலவை 779 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். எனவே செம்புக் கட்டியின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, ஓரங்களில் வெண்காரம் தடவிச் சூளையில் இட்டால், இரண்டு உலோகங்களும் திடமாக இருக்கும்போதே நடுவில் மெல்லிய உருகிய படலம் தோன்றி அவற்றைப் பிணைத்துவிடும். ஓரத்தில் வெள்ளி கசியும் அந்த நொடியில் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் வெள்ளி முழுவதும் செம்புக்குள் கரைந்துபோகும்.

இணைந்த கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கினால், செம்பும் வெள்ளியும் ஒரே விகிதத்தில் மெலியும். பவுல்சோவர் இதைப் பொத்தான்களுக்கும் சிறு பேழைகளுக்கும் பயன்படுத்தினார். சாப்பாட்டு மேசைக்கான பெரிய கலங்களை இதே தகட்டால் செய்யலாம் என்று செயலில் காட்டியவர் ஜோசப் ஹான்காக். அடுத்த சில பத்தாண்டுகளில் காபிக் கெண்டிகள், மெழுகுவர்த்தித் தாங்கிகள், பெரிய தாம்பாளங்கள், உணவுத் தட்டங்களுக்கான குவிமூடிகள், வெந்நீர்க் கலங்கள் என்று ஒரு செல்வர் வீட்டு மேசையை முழுமையாக நிறைக்கும் அளவுக்குப் பொருள்கள் வந்தன. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலை இதைப் பெருந்தொழிலாக்கியது.

இந்தக் கலங்களின் உடலே அவற்றின் முதல் சான்று. தகட்டைக் கத்தரித்துத்தான் எதையும் செய்ய வேண்டும். கத்தரித்த இடத்தில் செம்பின் சிவப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டை மறைப்பதற்கு எடுத்த முயற்சிதான், ஷெஃபீல்ட் பிளேட் என்று பெயர்பெற்ற இந்த இணைதகட்டுக் கலங்களின் வடிவத்தையே தீர்மானித்தது. முதலில் வெள்ளியைச் சற்று நீட்டிவிட்டு ஓரத்தின்மேல் மடித்தார்கள். பிறகு மெல்லிய வெள்ளிக் கம்பியை ஓரத்தில் பற்றாசு வைத்து ஒட்டினார்கள். பின்னாளில் அச்சில் அடித்த வெள்ளி அலங்கார விளிம்பை, உள்ளே ஈயக் கலவை நிரப்பிப் பொருத்தினார்கள். ஆகவே விளிம்பின் அடிப்பக்கத்தில் நகத்தை வைத்து இழுத்தால், மடிப்போ கம்பியின் முடிவோ ஒரு மெல்லிய படியாகத் தட்டுப்படும். நெடுநாள் தேய்ந்த அலங்கார விளிம்பின் மேடுகளில் மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் அது உள்ளிருக்கும் ஈயம். கெண்டியின் உடல் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது என்பதால், கைப்பிடிக்குப் பின்னாலோ மூக்கின் அடியிலோ செங்குத்தாக ஓர் ஒட்டுக்கோடு ஓடும். உணவுமூடிகளின் உட்புறத்தில் வெள்ளியைச் செலவிடுவது வீண் என்று கருதி வெள்ளீயம் பூசிவிடுவதும் வழக்கமாக இருந்தது.

இவற்றுள் மிக அழகான சான்று குடும்பச் சின்னம் செதுக்கும் இடத்தில் இருக்கிறது. முலாம் தகட்டின்மேல் ஆழமாகச் செதுக்கினால் செம்பு வெளிப்பட்டுவிடும். அதனால் செதுக்க வேண்டிய பகுதியில் மட்டும் கெட்டி வெள்ளியில் ஒரு சிறு வில்லையைச் சூட்டில் பதித்து, தேய்த்து, ஓரம் தெரியாமல் மெருகிட்டுவிடுவார்கள். சாதாரணமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் அந்த இடத்தின்மேல் வாயால் ஊதி ஆவி படியச் செய்தால், வில்லையின் எல்லை ஒரு கணம் வட்டமாகவோ கேடய வடிவிலோ துலங்கி மறையும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்த வேலை மூச்சுக்காற்றில் வெளிப்படுவதை முதன்முறை பார்க்கும் எவரும் அவருடைய கைத்திறனை மறக்க மாட்டார்கள்.

இப்படி உடல் தெளிவாகப் பேசினாலும், முத்திரை நெடுங்காலம் உண்மையைப் பேசாமல் இருந்தது. தொடக்ககால ஷெஃபீல்ட் உற்பத்தியாளர்கள் வெள்ளியின் முத்திரைகளைப் போன்ற சிறு அச்சுகளைத் தங்கள் கலங்களில் வரிசையாகக் குத்திவந்தார்கள். 1773இல் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் தனித்தனி மாற்றுச் சோதனை அலுவலகங்கள் அமைக்கும் சட்டம் வந்தபோது, முலாம் பொருள்களில் இப்படிப்பட்ட போலித் தோற்ற முத்திரைகள் தடைசெய்யப்பட்டன. பர்மிங்காமுக்கு நங்கூரமும் ஷெஃபீல்டுக்குக் கிரீடமும் அடையாளங்களாயின. இதற்காக லண்டன் சென்ற தரப்பினர் கிரீடமும் நங்கூரமும் என்ற பெயருள்ள விடுதியில் கூடியதால் இவை தேர்ந்தெடுக்கப்பட்டன என்று ஒரு கதை வழங்குகிறது. 1784இல் சட்டம் சற்றுத் தளர்ந்தது. ஷெஃபீல்டிலிருந்து நூறு மைல் சுற்றளவில் முலாம் பொருள் செய்வோர் தங்கள் பெயரையும் ஒரு சின்னத்தையும் பதிவுசெய்து பொறிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. சின்னம் வெள்ளியின் முத்திரையோடு குழம்பாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போல்டன் பதிவுசெய்த இரட்டைச் சூரியன் இவ்வகையில் பெயர்பெற்றது. ஆனால் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், மிகச் சிறந்த ஷெஃபீல்ட் பிளேட் கலங்கள் பலவற்றில் எந்த முத்திரையும் இருக்காது. முத்திரை இல்லை என்பதற்காக அவற்றை ஒதுக்குவது பெரும் தவறு.

இதற்கு நேர்மாறான ஒரு விதியும் உண்டு. ஒரு கலத்தின் அடியில் ‘ஷெஃபீல்ட் பிளேட்’ என்ற சொற்களே பொறிக்கப்பட்டிருந்தால், அது பவுல்சோவர் முறையில் செய்யப்பட்டதன்று என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம். சூட்டில் இணைத்த தகட்டை ஆண்ட தலைமுறையினருக்கு அப்படி எழுதத் தேவையே இருக்கவில்லை. அந்த முறை வழக்கொழிந்து, அதன் பெயருக்கு மட்டும் மதிப்பு எஞ்சியிருந்த காலத்தில், செம்பின்மேல் மின்முலாம் பூசியவர்கள்தான் அந்தச் சொற்களை விரும்பிப் பொறித்தார்கள்.

மின்முலாம் வந்த ஆண்டு 1840. பர்மிங்காமில் ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் எல்கிங்டனும் அவருடைய உறவினர் ஹென்றி எல்கிங்டனும் அந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார்கள். அதன் உயிர்நாடியாகிய சயனைடு கரைசலைக் கண்டறிந்தவர் அதே ஊரின் அறுவை மருத்துவரான ஜான் ரைட். சாதாரண வெள்ளி உப்புக் கரைசலில் செம்பை முக்கினால் வெள்ளி பொடிப்பொடியாக ஒட்டி உதிர்ந்துவிடும். பொட்டாசியம் சயனைடு கரைசலில் வெள்ளி அயனி இறுக்கமாகப் பிணைக்கப்பட்டு, மெதுவாக மட்டுமே விடுபடுவதால் படலம் நெருக்கமாகவும் உறுதியாகவும் படிகிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 4 கிராம் வெள்ளி படியும். தொட்டியில் எவ்வளவு நேரம் வைக்கிறார்களோ அவ்வளவு கனம். கலத்தின் தரம் கடிகாரத்தின் கையில் வந்துவிட்டது என்பது இந்தத் தொழிலில் ஏற்பட்ட மிகப் பெரிய மாறுதல். பின்னர் வந்த மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்ற முத்திரைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது மாறுதல் வேலையின் வரிசையில் நிகழ்ந்தது. முன்பு வெள்ளி படிந்த தகட்டிலிருந்து கலத்தைச் செய்தார்கள்; இப்போது கலத்தை முழுவதும் செய்து முடித்துவிட்டு, கடைசியில் அதன்மேல் வெள்ளியைப் படியவிட்டார்கள். ஓரம், ஒட்டு, திருகு, செதுக்கு எல்லாமே ஒரே போர்வைக்குள் மறைந்தன. நகத்துக்குத் தட்டுப்படும் படியும் இல்லை, ஒட்டுக்கோடும் இல்லை. நிறத்திலும் வேறுபாடு வந்தது. ஷெஃபீல்ட் தகட்டில் இருந்தது செம்பு கலந்த ஸ்டெர்லிங் தர வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அதன் ஒளியில் ஒரு மென்மை உண்டு. மின்தொட்டியில் படிவது ஏறக்குறையத் தூய வெள்ளி. அது அதைவிட வெண்மையாக, சற்றுக் கூர்மையாகப் பளிச்சிடும். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு சோதனை அதிகம் தேவைப்படாது. பழைய ஷெஃபீல்ட் கலத்துக்கு மறுமுலாம் பூசினால் அது பளபளக்கும், ஆனால் அதன் நிறமும் விளிம்பின் சான்றுகளும் ஒரே நாளில் அழிந்துபோகும். பழையதன் மதிப்பைத் தெரிந்தே குலைக்கும் செயல் என்று இதை நான் சொல்வேன்.

மின்முலாம் பரவியதும் அடியிலிருந்த உலோகமும் மாறியது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த வெண்ணிற உலோகத்தை 1820களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் செய்யக் கற்றிருந்தார்கள். ஜெர்மன் சில்வர், நிக்கல் வெள்ளி, ஆர்ஜென்டான், அல்பாக்கா என்று பல பெயர்களில் வழங்கும் அதில் ஒரு துளி வெள்ளியும் இல்லை. இருந்தும் முலாம் தேய்ந்தால் சிவப்பாகத் தெரியாது என்ற ஒரு காரணத்துக்காகவே அது செம்பை வென்றது. இ.பி.என்.எஸ். என்பது இந்த உலோகத்தையே குறிக்கும். இ.பி.பி.எம். என்றிருந்தால் அடியில் இருப்பது பிரிட்டானியா உலோகம். அது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளீயம், அதனோடு ஆன்டிமனியும் சிறிது செம்பும் சேர்ந்தது. மென்மையாக இருப்பதால் வளைவான கெண்டிகளைச் செய்ய எளிது. ஆனால் எளிதில் நசுங்கும், குறைந்த சூட்டில் உருகுவதால் பழுதுபார்க்க முற்படுவோரின் கையிலேயே ஓட்டை விழும் அபாயமும் உண்டு. விரலால் சுண்டினால் நிக்கல் வெள்ளி மணிபோல ஒலிக்கும், பிரிட்டானியா உலோகம் மந்தமாகத் தட்டும். தேய்ந்த மேடுகளின் நிறமும் வழிகாட்டும்: செம்பு சிவக்கும், நிக்கல் வெள்ளி சற்று மஞ்சளோடிய சாம்பலாகத் தெரியும், பிரிட்டானியா கருஞ்சாம்பலாக மங்கும். முத்திரை முழுவதும் தேய்ந்து போயிருந்தாலும் இவ்வளவையும் கலமே சொல்லிவிடும்.

இங்கிலாந்தின் பெரிய நிறுவனங்களுடைய அடையாளங்களைப் பழகிக்கொள்வது கடினமன்று. ஷெஃபீல்டின் வாக்கர் அண்ட் ஹால் நிறுவனம் முதலெழுத்துகள் தாங்கிய ஒரு கொடியைப் பொறித்தது. ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ் கொடி தொங்கும் எக்காளத்தைப் பொறித்தது. எல்கிங்டன் தன் கலங்களுக்குச் செய்த ஆண்டைக் குறிக்கும் தனிக் குறிகளையும் இட்டது. 1840களில் எண்களும் பின்னர் எழுத்துகளும் வந்தன. ஒரு தனியார் நிறுவனம், எந்தச் சட்டக் கட்டாயமும் இன்றி, அரசின் ஆண்டெழுத்து முறையைத் தன் சொந்த ஒழுங்காக எடுத்துக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் இதே நிறுவனங்கள் பலவும் தங்கள் எழுத்துகளுக்கு மேல் ஒரு கிரீடத்தையும் வைத்தன. கிரீடமோ அக்காலத்தில் ஷெஃபீல்ட் சோதனை அலுவலகத்தின் அதிகாரபூர்வ முத்திரை. இந்தக் குழப்பம் நெடுங்காலம் நீடித்து, 1896இல்தான் முலாம் பொருள்களில் கிரீடம் தடைசெய்யப்பட்டது. எனவே மின்முலாம் கலத்தில் கிரீடம் இருந்தால், அது அரச குடும்பத்தோடு தொடர்புடையது என்று மகிழ்வதற்குப் பதிலாக, அந்தத் தடைக்கு முற்பட்டதாக இருக்கலாம் என்ற அளவில் கொள்வதே தகும்.

காலத்தைக் கணிக்க இன்னும் உறுதியான கருவி வடிவப் பதிவுக் குறி. 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவுசெய்யப்பட்ட வடிவங்கள் ஒரு சாய்சதுரக் குறியைத் தாங்கின. அதன் உச்சியில் உள்ள வட்டத்தில் உலோகப் பொருள்களுக்குரிய ஒன்று என்ற ரோமன் எண் இருக்கும். 1867 வரை ஆண்டின் எழுத்து சாய்சதுரத்தின் மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் வரும். எக்ஸ் என்ற எழுத்து மேலே இருந்தால் 1842, அதுவே வலப்புறம் இருந்தால் 1868. 1884 முதல் சாய்சதுரம் போய், ஆர்.டி. என்ற எழுத்துகளோடு வரிசை எண் வந்தது. இந்தக் குறியைப் படிப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: அது வடிவம் பதிவான நாளைக் காட்டுகிறதே தவிர கலம் செய்யப்பட்ட நாளையன்று. ஒரே வடிவத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள். ‘இங்கிலாந்து’ என்ற நாட்டுப் பெயர் தனியாக இருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா விதித்த 1891க்குப் பிறகு செய்யப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி.

பிரான்ஸ் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. கெட்டி வெள்ளி செய்பவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்க வேண்டும், முலாம் செய்பவரின் முத்திரை சதுரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அங்கே விதி வடிவத்தைக் கொண்டே பிரித்துவிட்டது. எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் சட்டகத்தின் வடிவைப் பார்த்து அறியலாம். இங்கிலாந்தின் கேடய விளையாட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தெளிவான ஏற்பாடு என்பது விளங்கும். 1842இல் எல்கிங்டனின் உரிமையை பிரான்சுக்காக வாங்கிய ஷார்ல் கிறிஸ்தோஃப்ல், சதுரத்துக்குள் தராசும் தன் முதலெழுத்துகளும் கொண்ட முத்திரையை இட்டார். மூன்றாம் நெப்போலியனின் அரண்மனை மேசைக்கே அவருடைய முலாம் கலங்கள் சென்றன. அரசனும் முலாமில் உண்ணலாம் என்ற நிலை வந்தபின் முலாம் ஏழையின் வெள்ளி என்ற பேச்சு எடுபடவில்லை.

ஐரோப்பிய மேசைக்கரண்டிகளில் வரும் எண்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. ஜெர்மனியில் டபிள்யூ.எம்.எஃப். போன்ற நிறுவனங்களின் கரண்டிக் காம்பில் 90 என்ற எண் காணப்படும். அது தொண்ணூறு சதவீத வெள்ளி என்று எண்ணி ஏமாறுவோர் எண்ணற்றோர். உண்மையில் பன்னிரண்டு மேசைக்கரண்டிகளும் பன்னிரண்டு முள்கரண்டிகளும் சேர்ந்த இருபத்துநான்கு உருப்படிகளின்மேல் மொத்தம் 90 கிராம் வெள்ளி படிந்துள்ளது என்பதே அதன் பொருள். இவற்றின் மொத்தப் பரப்பை 24 சதுர டெசிமீட்டர் என்று கொள்வது தொழில் வழக்கம், அதாவது 2400 சதுர சென்டிமீட்டர். வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.5 கிராம். ஆகவே 90ஐ 10.5ஆல் வகுத்து, வருவதை 2400ஆல் வகுத்தால் 0.0036 சென்டிமீட்டர், அதாவது 36 மைக்ரான் கனம் கிடைக்கிறது. ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவான இந்தப் படலந்தான் பல தலைமுறைகளின் தேய்ப்பைத் தாங்கி வந்திருக்கிறது. பக்கத்தில் 45 என்று இன்னோர் எண் இருந்தால், அந்த வகைக் கரண்டி ஒரு டஜனுக்குரிய வெள்ளியின் எடை அது. ஜெர்மனியில் கெட்டி வெள்ளி என்றால் 800, 835, 925 போன்ற மூன்றிலக்க எண்களாகவே வரும்.

பிரெஞ்சுக் கரண்டிகளில் இதே முறையில் 84 என்ற எண் வரும். இருபத்துநான்கு உருப்படிகளுக்கு 84 கிராம், சுமார் 33 மைக்ரான். ஆனால் பழைய ரஷ்யாவில் 84 என்பது கெட்டி வெள்ளியின் மாற்று. அங்கே 96 ஸோலோத்னிக் (பழைய ரஷ்ய எடை அளவு) என்றால் தூய வெள்ளி என்ற கணக்கில் 84 என்றால் ஆயிரத்துக்கு 875. எண் ஒன்றுதான், ஒரு நாட்டில் அது மெல்லிய தோல், இன்னொரு நாட்டில் கலம் முழுதும் வெள்ளி. எண்ணைச் சுற்றியுள்ள சட்டகமும், அருகிலுள்ள பெயரும், எழுத்து லத்தீனா சிரிலிக்கா என்பதும் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டுவது ஆபத்தானது. அக்கால ரஷ்ய ஆட்சியிலிருந்த வார்சாவின் நோர்ப்ளின், ஃபிராஜே ஆகிய நிறுவனங்களின் முலாம் பொருள்களில் ‘கால்வ்’, ‘பிளாக்கே’ என்று காணப்படுபவை முலாம் என்பதற்கான வெளிப்படையான ஒப்புதல்கள். ஆனால் அருகே இருக்கும் இரட்டைத்தலைக் கழுகைக் கண்டு அதை ரஷ்ய அரசின் வெள்ளி முத்திரை என்று கொள்வோர் இன்றும் உண்டு.

அமெரிக்காவில் இதுபோன்ற பிழைக்குப் பெயர்போனது ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்ற முத்திரை. வில்லியம், ஆசா, சிமியன் என்ற ரோஜர்ஸ் சகோதரர்கள் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் மின்முலாம் கரண்டிகளை விற்கத் தொடங்கிய ஆண்டு 1847. 1862இல் அவர்களுடைய தொழில் மெரிடன் பிரிட்டானியா கம்பெனியின் கைக்கு வந்தபின் அந்த ஆண்டே ஒரு வணிகப் பெயராகிவிட்டது. 1898இல் அந்தக் கம்பெனி இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனியில் இணைந்த பிறகும் அது தொடர்ந்தது. திராட்சைக் கொத்துகள் நிறைந்த ‘வின்டேஜ்’ வடிவம் 1904இல் வந்தது, ‘ஃபர்ஸ்ட் லவ்’ 1937இல் வந்தது. இரண்டின் காம்பிலும் 1847 என்றே இருக்கும். இத்தகைய கரண்டிகளின் காலத்தை அறிய, அலங்கார வடிவத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதே நம்பத்தக்க வழி.

அமெரிக்க முத்திரைகளின் மடங்குக் கணக்கு ஒரு தொழில் வழக்கத்தைச் சார்ந்தது. ஒரு குரோஸ், அதாவது 144 தேக்கரண்டிகளுக்கு இரண்டு டிராய் அவுன்ஸ் வெள்ளி என்பது சாதாரணத் தரம். மூன்று மடங்கு என்றால் ஆறு அவுன்ஸ், நான்கு மடங்கு என்றால் எட்டு. டிராய் அவுன்ஸ் 31.1 கிராம் என்பதால், சாதாரணத் தேக்கரண்டி ஒன்றின்மேல் அரை கிராமுக்கும் குறைவான வெள்ளியும், நான்கு மடங்குத் தேக்கரண்டியில் ஒன்றே முக்கால் கிராமை ஒட்டியும் இருக்கும். கெண்டி, தட்டம் போன்ற பெரிய கலங்களில் ‘நான்கு மடங்கு’ என்று பொறிக்கும்போது அளப்பதற்கு இப்படிப்பட்ட கணக்கு ஏதும் இல்லாததால், அதைச் செய்தவரின் நற்பெயரைப் பொறுத்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறொரு வகையில் நேர்மையும் குழப்பமும் கலந்தது ஹோம்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டெர்லிங் பதித்தது’ என்ற முத்திரை. கரண்டியை மேசையில் வைக்கையில் உரசும் குழிவின் அடியிலும் காம்பின் பின்புறத்திலும் கெட்டி வெள்ளித் துண்டுகளைப் பதித்துவிட்டு, அதன்மேல் முழுவதும் முலாம் பூசினார்கள். தேய்வு எங்கே நிகழும் என்பதை அறிந்து செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் ‘பதித்தது’ என்ற சொல் தேய்ந்து ஸ்டெர்லிங் என்பது மட்டும் மிஞ்சிய கரண்டி கெட்டி வெள்ளி என்ற பெயரில் கைமாறும்.

தொடக்கத்தில் கவிழ்த்து வைத்த பரிமாறு தட்டத்துக்கு மீண்டும் வரலாம். நான்கு கேடயங்களைப் படித்தாகிவிட்டது. இனி மூடியின் உச்சியில் உள்ள கைப்பிடியைப் பிடித்துக் கால்பங்கு சுற்றினால் அது கழன்று வரும். அப்போது மூடியைக் கவிழ்த்தால் அதுவே இரண்டாவது தட்டமாகும். ஒரு கலத்தில் இரண்டு கலம் என்பது இதன் பயன். கைப்பிடியின் அடியிலும், அது பொருந்தும் துளையின் ஓரத்திலும், தட்டத்தின் விளிம்படியிலும் உற்றுப் பார்த்தால் ஒரே எண்ணோ, ஒரே எண்ணிக்கையிலான புள்ளிகளோ இருக்கும். கையால் பொருத்தப்பட்ட உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் இருக்கத் தொழிலாளி தனக்காக இட்ட குறி அது. வாங்குபவரைக் கவர்வதற்காகவோ சட்டத்துக்காகவோ இடப்படாத ஒரே முத்திரை என்பதால், நான் முதலில் தேடுவது அதைத்தான். மூன்று இடத்திலும் எண் ஒத்துப்போனால், தட்டமும் மூடியும் கைப்பிடியும் பட்டறையை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஒத்துப்போகாவிட்டால், அடியில் எவ்வளவு புகழ்பெற்ற பெயர் இருந்தாலும் அது இரண்டு கலங்களின் பாதிகள். மறுமுலாமுக்கு அனுப்பப்படும் கலத்தை மெருகுச் சக்கரத்தில் தேய்க்கும்போது முதலில் அழிவதும் இந்தச் சிறு புள்ளிகள்தான். அதனால் முலாம் பூசுபவரிடம் கொடுக்கும் முன் அவற்றைப் படம் எடுத்து வைத்துவிட்டு, அடிப்பக்கத்தைச் சக்கரத்தில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.